கருவாடும் தாகமும்

கான்டனீஸ் கற்க வரும் நம் பிள்ளைகளுக்கு நான் சீக்கிரமே கொடுத்துவிடும் பழமொழி இது: "சிக் டக் ஹாம் யூ, டை டக் ஹோட்". கருவாடு தின்னத் தெரிந்தவனுக்குத் தாகம் தாங்கவும் தெரியவேண்டும். ஏழே அசைதான். ஆனால் தமிழ் நாக்கு சும்மா இருக்காது. 'சிக்கு, டக்கு, ஹோட்டு' என்று உகரத்தை ஒட்டிவிடும். கடைசி க், ட் இரண்டும் அடைத்த இடத்திலேயே நிற்கணும், காற்று வெடித்து வெளியே வரக்கூடாது. 'சிக்' தாழ்ந்த தொனி, 'டக்' இரண்டு முறையும் உச்சம், 'ஹோட்' நடு. வாய்முன் உள்ளங்கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'ஹோட்' முடியும்போது கையில் காற்று படக்கூடாது.

ஹாங்காங்கின் ஷியுங் வானில் கருவாட்டுக் கடை வைத்திருந்த ஒரு சிஃபுவிடம், அதாவது தொழில் தேர்ந்த பெரியவரிடம்தான், எனக்குப் பேச்சு பழகியது. காலா மீன் கருவாட்டை விரலால் அழுத்தி, செவுளை முகர்ந்தே வகை பிரிப்பார். உப்பிடுமுன் கொஞ்சம் நொதிக்க விட்டது 'முய் ஹியுங்'. மணம் தூக்கும், சதை உதிரும். நேரே உப்பில் இறங்கியது 'சாட் யுக்', கெட்டி. ஒரு சின்னத் துண்டை இஞ்சிச் சீவலோடு பன்றிக் கொத்துக்கறிமேல் வைத்து அவித்தால் கிண்ணம் கிண்ணமாகச் சோறு இறங்கும். பிறகு தொண்டை வறளும் என்பது தின்பவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தே தின்றான் என்பதுதான் பழமொழியின் உயிர்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று நாம் சொல்வதை இதற்கு ஈடாக வைப்பார்கள். பாதி தூரம்தான் அது வரும். நம்முடையதில் தப்பு செய்தவன் தண்டனை பெறுவான் என்ற வாடை உண்டு. சிஃபுவின் கருவாட்டில் குற்றம் ஏதும் இல்லை, ஆசை மட்டும்தான்.

என்னிடம் படித்த பையன் ஒருவன், பங்குச் சந்தையில் பணத்தைத் தொலைத்த நண்பனிடம் ஆறுதலாக நினைத்து இதை எடுத்துவிட்டான். உச்சரிப்பு அப்பழுக்கில்லை. நண்பன் பல நாள் முகம் கொடுக்கவில்லை. சிஃபு சிரித்துவிட்டு, "இறங்குமுன் சொல்லியிருக்கணும். விழுந்தபின் சொன்னால் உதைக்கிற மாதிரி," என்றார். விலை ஏறியபோது சரக்கை வாங்கிக் குவித்து, பிறகு விலை இறங்கி அவர் வீட்டம்மா முணுமுணுத்தால், தன்னைப் பற்றியே இதைச் சொல்லிக்கொண்டு மீனைத் தட்டி அடுக்குவார். அந்த வாயில் அது வீம்பாகக்கூட இனிக்கும்.

'மே வொக்' என்பதோடு இதைக் குழப்பாதீர்கள். அது வாணலியை முதுகில் சுமப்பது. பெரும்பாலும் அடுத்தவன் பழி. மேலாளர் செய்த கோளாறுக்குத் திட்டு வாங்கி நிற்பவன் வாணலி சுமக்கிறான், மீனை அவன் தொட்டதே இல்லை. அவனிடம் போய்க் கருவாட்டுப் பேச்சை எடுத்தால் அடி விழும். சிஃபுவின் கடையில் ஒருமுறை விழப் பார்த்தது.