மிஸ் அடிக்கும் எஞ்சினும் ஒரு கொப்பியும்

மடுல்கெல்ல, ஜனவரி 5

வடகீழ்ப் பருவ மழையும் மார்கழிப் பனியும் நக்கிள்ஸ் சரிவில் ஒன்றாக இறங்கும் இந்த நாட்களில்தான் பழைய பெற்றோல் வாகனங்கள் காலையில் மிஸ் அடிக்கத் தொடங்கும். வெயில் ஏறிவிட்டால் அதே எஞ்சின் முனகாமல் ஓடும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 ஆரம்பத்தில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை இந்தப் பக்கத்து வீடுகளுக்கு எட்டுகிற விலையல்ல. ஆகவே மொரிஸ் மைனரோ பழைய சன்னியோ வீட்டில் நின்றால் அதை ஓட வைத்தே தீரவேண்டும். அதற்கு ஸ்பானர் பெட்டியைவிட முதலில் வேண்டியது ஒரு கொப்பி என்பது என் கட்சி. நனைந்த காலையில் மட்டும் மிஸ் அடித்தால் ஈரத்தில் மின்சாரம் கசிகிறதென்று சந்தேகிக்கலாம். மழையில்லாத குளிர் காலையிலும் அப்படியே அடித்தால் சோக்கைப் பார்க்க வேண்டும். இரண்டும் எஞ்சின் சூடானதும் மறைந்துவிடுவதால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. எந்தக் காலை நனைந்தது, எது காய்ந்தது என்று எழுதி வைத்த பக்கம்தான் பிரித்துக் காட்டும்.

ஜனவரி 8

எஞ்சின் மிஸ் அடித்தாலே காபரேட்டரைக் கழற்றுவது இங்கே பழகிப்போன வழக்கம். அதற்கு நியாயமும் சொல்வார்கள். ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக்குச் சரியாக வைத்த காபரேட்டர் இங்கே பெற்றோலைக் கூடுதலாக ஊட்டும், பிளக் கரி பிடிக்கும். இது உண்மைதான். ஆனால் மைனரில் இருப்பது ஒரே காபரேட்டர். நாலு சிலிண்டருக்கும் அதுதான் ஊட்டுகிறது. கலவை பிழைத்தால் நாலும் சேர்ந்து தடுமாற வேண்டும். ஒன்று மட்டும் செத்துக் கிடந்தால் குற்றவாளி அந்த ஒன்றுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறான். (மெனிபோல்ட் கேஸ்கட் ஒரு பக்கம் காற்று வாங்கினால் மட்டும் இந்தக் கணக்குப் பிழைக்கலாம்.) எது செத்தது என்று அறிய, எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் இரும்பில் படும்படி கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓட்டம் இன்னும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. எதுவுமே மாறாவிட்டால் அதுதான் செத்தது. ஓடுகிற எஞ்சினில் வயரை வெறுங்கையால் பிடுங்கக் கூடாது; அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். சரிவில் நிற்கும் வண்டிக்குச் சில்லுக் கட்டையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது செத்ததென்று வைத்துக்கொள்வோம். அதன் பிளக்கை நாலாவதுக்கும் நாலாவதின் பிளக்கை இரண்டாவதுக்கும் மாற்றிப் போட்டால் கோளாறு பிளக்கோடு போகிறதா, இரண்டிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நின்றால் அடுத்தது வயர், அதற்கடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. மூடியின் உட்புறத்தை டோர்ச் அடித்துப் பார்த்தால், இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருக்கலாம். அது அழுக்கல்ல, மின்சாரம் எரித்து உண்டாக்கிய கரிப் பாதை. துணியால் துடைத்தால் போகாது, மூடியையே மாற்ற வேண்டும். வயர் கசிகிறதா என்று பார்க்க இருட்டிய பிறகு பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது தண்ணீரைப் பூவாகத் தெளித்தால் போதும். கசிகிற இடத்தில் நீலப்பொறி ஊரும், அந்தக் கணமே எஞ்சின் தடுமாறும்.

ஜனவரி 11

பிளக், பொயின்ட், கண்டென்சர், ரோட்டர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் புதிதாகப் போட்டால் வேலை முடிந்தது, இந்தத் துப்பறியும் வேலை எதற்கு என்பார்கள். பணம் இருந்தால் சரிதானே என்று தோன்றும். புதுச் சாமான் எல்லாம் நல்ல சாமான் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு இன்று கிடைக்கும் ரோட்டர்களில் சில, நடுவில் அடித்த ரிவெட் வழியாகத் தண்டுக்கே மின்சாரத்தைக் கசிய விடுபவை. கண்டென்சர்களிலும் சொத்தைகள் வருகின்றன. நாலையும் ஒன்றாக மாற்றிய பிறகும் மிஸ் அடித்தால், பழைய கோளாறு மிஞ்சியதா, புதுக் கோளாறு வந்து சேர்ந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? பொயின்ட் இடைவெளி இன்னும் வில்லங்கமானது. மைனருக்கு அது 15 தௌ, அதாவது 0.4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதைத் தொட்டாலே டைமிங்கும் நகர்ந்துவிடும். ஒன்றை மாற்றுவதாக நினைத்து இரண்டை மாற்றியிருப்போம்.

வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு இத்தனை பொறுமை கட்டாது என்பதை மறுக்க மாட்டேன். ஒரு நாள் ஓட்டம் போனால் அவருக்கு அடுப்பெரிவதே கஷ்டம். ஸ்கேனர் பூட்டினால் கணத்தில் தெரியுமே என்பதை மட்டும் ஏற்க முடியாது. பொயின்ட் வைத்த எஞ்சினில் ஸ்கேனர் பூட்ட இடமே கிடையாது. ரிகண்டிஷன் ஜப்பான் காரில்கூட பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. ஏன் என்று அறிய அங்கேயும் கொயிலை இடம் மாற்றிப் போட்டே பார்க்க வேண்டும்.

ஜனவரி 13

பொறியும் சரி, பெற்றோலும் சரி, ஆனாலும் செத்த சிலிண்டர் எழவில்லையென்றால் கம்பிரஷனை அளக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால் பிளக் ஓட்டை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளப்பது. ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். வால்வ் கெடுவதற்கு இங்கே ஒரு பின்னணி உண்டு. 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஊருக்கு அது நல்லது. ஆனால் பழைய எஞ்சின்களின் மென்மையான வால்வ் சீட்டைத் தேயாமல் காத்ததும் அந்த ஈயம்தான். சீட் தேயத் தேய வால்வ் உள்ளே இறங்கும். 12 தௌ இருக்க வேண்டிய டெப்பட் இடைவெளி ஒடுங்கி, வால்வ் முழுதாக மூடாமல் விளிம்பு கருகும். கொப்பியில் டெப்பட் அளவு மாதாமாதம் குறைந்துகொண்டு வந்தால் கருகும் முன்பே பிடித்துவிடலாம். கருகிவிட்டால் அது வீட்டு வேலை அல்ல. ஹெட்டை மட்டும் கழற்றிக் கண்டியில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், எக்ஸோஸ்ட் பக்கத்துக்குக் கெட்டியான சீட் அடிக்கச் சொல்ல வேண்டும். அளவுகள் எழுதிய பக்கத்தையும் கையோடு கொடுத்தால் பாஸ் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.