அசரீரியா? வானொலியா?

“நாட்டின் வானொலி ஒரு நாள் முழுவதும் என்னதான் பேசுகிறது? காலை முதல் இரவு வரை கேட்டு எழுதி வாருங்கள்!” — இராசபாளையத்துப் படிப்பகத் தோழர்கள் 1964-ஆம் ஆண்டில் நமக்கு இட்ட பணி இது.

பஞ்சாலைச் சங்கொலி பொழுதைக் காட்டும் ஊர் நம் ஊர். தேநீர்க் கடைதோறும் வானொலி முழங்கும். வீட்டில் வைத்துக் கேட்பதென்றால் பெட்டி வாங்கப் பணம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும். அந்த வசதி நமக்கு இல்லை. ஆகவே ஏழு கல் தொலைவிலுள்ள திருவில்லிப்புத்தூருக்குப் புறப்பட்டோம். அங்கே அத்தை வீட்டில் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. கூரைமேல் மூங்கில் நட்டு, செப்புக்கம்பி ஏரியல் கட்டி, அத்தான் அதனைக் கண்போல் காத்து வந்தார்.

அத்தை இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். ‘நல்ல காரியம்’ என்றால் பின்கட்டுக்குப் போய்விடுவார். தெருவில் மணமக்கள் ஊர்வலம் வரும், நாதசுரம் முழங்கும், கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்பார். எதிரே வந்துவிட்டால் மணமக்களுக்குத் தீங்காம்! யார் வகுத்த நீதி இது? அவரே அதனை நம்பினார் என்பதுதான் கொடுமையிலும் கொடுமை.

திசம்பர் 26, சனிக்கிழமை. மார்கழிக் குளிர். பெட்டியைத் திருகினோம். முதலில் நிலையத்தின் அடையாள இசை. ஐரோப்பாவில் யூதர்மீது மூண்ட பகைக்குத் தப்பி, 1934-இல் பம்பாய் வந்து, அங்கே வானொலியில் பணியாற்றிய வால்ட்டர் காஃப்மன் அமைத்தது அது என்பர். தன் மண்ணில் வாழ இடமில்லாமல் வந்தவரின் இசை, நம் மண்ணை நாள்தோறும் துயிலெழுப்பிற்று!

அடுத்து மங்கல இசை. நாதசுரம் பொங்கி வந்தது. அடுப்படியில் இருந்த அத்தை எழுந்து போகவில்லை. நாம் வியந்து கேட்டோம்: “என்ன அத்தை, இன்றைக்குப் பின்கட்டுக்குப் போகவில்லையா?”

அத்தை சிரித்தார். “பெட்டிக்கு என் நெற்றி தெரியாதய்யா!” என்றார்.

தோழர்களே, ஒரு நூலில் எழுதவேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். பெட்டிக்கு நெற்றி தெரியாது. பொட்டு உண்டா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஊதுகின்ற இசைவாணர் துண்டைத் தோளில் போட்டிருக்கிறாரா, இடுப்பில் கட்டியிருக்கிறாரா என்று பார்க்க ஆதிக்கக்காரனுக்கும் அங்கே வழியில்லை. சீமான்களின் வாசலில் நின்றுகொண்டே வாசிக்க விதிக்கப்பட்ட கலைஞரும், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே கேட்க விதிக்கப்பட்ட பெண்ணும், அந்த விடியற்காலையில் சமமாகச் சந்தித்தனர். சந்திக்க வைத்தது சாத்திரமல்ல; மின்சாரம்!

பிறகு திருப்பாவை ஒலித்தது. ஆண்டாளின் ஊரிலேயே இருந்து அதனைக் கேட்டோம். அந்தத் தமிழின் சுவையை நாம் மறுத்ததில்லை. ஒரு பெண் துணிந்து தன் உள்ளத்தைப் பாடினாள் என்பதிலும் நமக்குப் பெருமையே. ஆனால் பக்திக்கென்று விடியற்பொழுதை ஒதுக்கிய வானொலி, பகுத்தறிவுக்கென்று எந்தப் பொழுதை ஒதுக்கிற்று? குறிப்பேட்டில் அந்தக் கேள்வியை எழுதி, விடைக்கு இடம் விட்டு வைத்தோம். இரவு வரை அந்த இடம் வெற்றிடமாகவே இருந்தது.

தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வந்தது. திசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிய துயரச் செய்திகள் ஓயாத நாள்கள் அவை. பயணிகளோடு ஓர் இரயில் வண்டியையே கடல் விழுங்கிவிட்டது. அத்தையின் கை அரிவாள்மணையில் அப்படியே நின்றது. பாற்கடலில் பள்ளிகொண்டவனைப் பாடி முடித்த அதே பெட்டிதான், கடல் கொண்ட உயிர்களையும் எண்ணிச் சொல்லிற்று. நாம் வாதம் தொடுக்கவில்லை. துயரத்தின் முன் வாதம் எதற்கு? குறிப்பேட்டில் மட்டும் எழுதினோம்: “ஒரு புயல் எச்சரிக்கை ஒரே ஒரு மீனவனைக் கரையில் நிறுத்துமானாலும், அது ஆயிரம் பதிகத்துக்கு மேல்.”

நண்பகலில் அத்தான் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார். திரைப்பாடல்கள்! 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், திரைப்பாடல் மக்கள் சுவையைக் கெடுக்கும் என்று கருதி, வானொலியில் அதற்கு வாயிலை அடைத்தார். மக்கள் என்ன செய்தனர்? கடல் கடந்து காதை வைத்தனர்! 1957 அக்டோபர் 3-ஆம் நாள் ‘விவித பாரதி’ தொடங்கித்தான் இழந்த செவிகளைத் தேட வேண்டியதாயிற்று. மேலே இருப்பவர் சுவை வகுப்பர், கீழே இருப்பவர் விழுங்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே தோற்றது.

மாலையில் நாடகம். குடும்பக் கதை. மாமியார் கொடுமையும் மருமகள் கண்ணீரும் குரலாலேயே கண்முன் நின்றன. எனினும் நம் செவி ஒன்றைத் தேடிற்று — ஆர்மோனியம்! சங்கரதாசு சுவாமிகள் வளர்த்த தமிழ் நாடக மேடைக்கு அதுவே உயிர்மூச்சு. வானொலியோ, நம் இசையின் நுட்பமான அசைவுகளுக்கு அது ஒவ்வாது என்று 1940-இல் அதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. தெருக்கோடி மக்கள் போற்றிய கருவிக்கு முப்பது ஆண்டு வனவாசம்!

அதன்பின் கச்சேரி. ஒன்றன்பின் ஒன்றாகத் தெலுங்குக் கீர்த்தனைகள். இறுதியில் துக்கடாவாக ஒரு தமிழ்ப்பாட்டு. தெலுங்கின்மீது நமக்குப் பகையில்லை. இராசபாளையத்தில் எத்தனையோ வீடுகளில் தாய்மொழியே அதுதான். ஆனால் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் கண்டு இருபது ஆண்டு கடந்தும், தமிழ் தன் வீட்டிலேயே திண்ணையில் உட்காருவதா என்பதே கேள்வி. பின்னிரவில், 1952 முதல் நடந்துவந்த தேசிய இசை நிகழ்ச்சி. வடநாட்டு இசை. சொல் ஒன்றும் விளங்காத அத்தை, கண்மூடி இரசித்தார். இசைக்கு எல்லை வேண்டாம் என்பதை அந்த முகம் சொல்லிற்று. தாய்மொழிக்குத் தடை வேண்டாம் என்பது மட்டுமே நாம் சேர்த்துக்கொண்டது.

நிகழ்ச்சி முடியும் நேரம். “இது ஏதோ அசரீரி மாதிரி இருக்கய்யா” என்றார் அத்தை. விடுவோமா? பெட்டியின் பின்புறத் துளைகள் வழியே, செந்நிறமாய் ஒளிரும் வால்வுகளைக் காட்டினோம். தில்லியில் ஒரு மனிதர் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து பேசுகிறார். அவர் குரல் மின்னலையாகி, வானத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, நொடியில் நூற்றில் ஒரு பங்குக்குள் இந்த ஏரியலில் வந்து சேர்கிறது. இதில் தெய்வமும் இல்லை, மாயமும் இல்லை என்று விளக்கினோம்.

அத்தை பொறுமையாகக் கேட்டார். பிறகு வினவினார்: “நான் இங்கே பேசினால் அவருக்குக் கேட்குமா?”

“கேட்காது, அத்தை.”

“அப்படியானால் அசரீரிதானே, ஐயா!”

வாயடைத்துப் போனோம். விஞ்ஞானத்தை விளக்கிய நாம், வினாவில் தோற்றோம். கம்சனுக்கு வானிலிருந்து ஒரு குரல் கேட்டதாம். அதை மறித்துக் கேட்க ஒருவருமில்லை. பச்சிளங் குழந்தைகள் பலியாயின! பதில் சொல்ல முடியாத குரல் எதுவாயினும் அது அசரீரியே. அதை அனுப்புவது தேவலோகமாயிருந்தால் என்ன, தில்லியாயிருந்தால் என்ன?

வானொலி என்ற அழகிய சொல் தமிழில் இருக்க, 1957 முதல் ‘ஆகாசவாணி’ என்ற பெயரையே தில்லி பரப்பிற்று. 2023 மே மாதத்தில் அதுவே ஒரே பெயர் என்றும் ஆணை வந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. வெறும் பெயர்ச்சண்டை என்று சிலர் நகைத்தனர். அல்ல! ஒன்று, வானத்தில் செல்லும் ஒலி. மற்றொன்று, வானம் இடும் வாக்கு. வாக்கு என்றால் வணங்க வேண்டும். ஒலி என்றால் எதிரொலி எழுப்பலாம்.

அத்தையின் வினாவுக்கு விடை மெல்ல மெல்லத்தான் வந்தது. தேர்தல் காலத்தில் கட்சிகள் வானொலியில் பேச 1977-இல்தான் வழி பிறந்தது. 1995-இல் உச்சநீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னையில், அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில், சமுதாய வானொலி தொடங்கிற்று. எளிய குடியிருப்புகளின் பெண்கள் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தம் வாழ்வைத் தாமே பேசினர். அதைக் கேட்க அத்தை இல்லை.

இளைஞர்களே! கேட்பதற்கு இன்று பெட்டிகள் ஆயிரம். ஒவ்வொன்றிடமும் அந்தத் திருவில்லிப்புத்தூர்க் கைம்பெண்ணின் வினாவைக் கேளுங்கள்: “நான் பேசினால் அங்கே கேட்குமா?” கேட்காது என்றால், அது எந்த மொழியில் பேசினாலும், எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், அசரீரி! கேட்கும்படி செய்வதே நம் பணி.