ஏலமலையில் ஒரு நாள்

விடுமுறைக்குத் தாயகம் சென்ற நாங்கள், குழந்தைகள் கடற்கரை வேண்டுமென்று கேட்டும் இணங்காது, அன்னையாரையும் அழைத்துக்கொண்டு போடிமெட்டு வழியே உடும்பஞ்சோலை வட்டத்து ஏலமலைக்கு ஏறினோம். அன்னையார் இளமையில் ஏலக்காய் பறித்த மலை அது.

பூப்பாறையில் காலையுணவு. அவித்த மரவள்ளிக்கிழங்கும், குடம்புளியிட்ட மீன்குழம்பும், காந்தாரி மிளகாய்த் துவையலும் இலையில் வந்தன. கண்ணீர் வழிய உண்ட சிறுவர்கள் மறுமுறையும் கேட்டனர். அங்குச் செல்லும் அன்பர்கள் இதனைத் தவறவிடலாகாது. பின்னர் ஏலக்காயிட்ட கட்டன்சாயா.

12 ஆண்டுக்கொருமுறை மலரும் குறிஞ்சி, சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறையில் 2022-இல் பூத்தது. எங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. ஆயினும் அருகே ஓர் ஏலத்தோட்டத்தைக் காண அனுமதி கிடைத்தது. ஏலம் மரத்தில் காய்ப்பதென்று எண்ணியிருந்த எங்கள் மகள் திகைத்தாள். ஆளுயரத்தை மிஞ்சிய செடியின் அடியில், தரையோடு படரும் சரங்களில் அல்லவா காய்கள்! குந்தியிருந்தே பறிக்கவேண்டும். தேனிப் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி வந்த பெண்கள் பறித்துக்கொண்டிருந்தனர். முழங்கால் வலியென்று விமானத்தில் வழிநெடுகப் புலம்பிய அன்னையார், அவர்களிடையே சென்று குந்திவிட்டார்! முற்றிய காயை மட்டும் விரலால் தேர்ந்து பேத்தியின் கையில் வைத்தார்.

மாலையில் இராமக்கல்மேடு. காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு.

“அதோ, நம் ஊர்” என்றார் அன்னையார்.

மூடுபனியில் எங்களுக்கு ஒன்றும் புலப்படவில்லை. மகள் மட்டும், “தெரிகிறது, பாட்டி” என்றாள்.