ஆர்.கே.புரம் வரை விரியும் பவானி

தில்லி ஆர்.கே.புரத்தில் தமிழ் கேட்க அதிகம் அலைய வேண்டாம். குன்றின் மேல் 1973இல் குடமுழுக்கு கண்ட முருகன் கோயிலான மலை மந்திர்; தமிழ்ச் சங்கம்; தமிழ்ப் பள்ளி. அரசு வேலைக்கு வந்த குடும்பங்கள் தங்களோடு கொண்டுவந்த சொற்களில் ஒன்று ஜமக்காளம். தில்லிக்காரர்களுக்கு அது 'தரி'.

ஜமக்காளத்துக்குப் பேர்போன ஊர், ஈரோடு மாவட்டத்துப் பவானி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீமைத் துணி சந்தையைப் பிடித்தபோது, அவ்வூர் நெசவாளர்கள் முரட்டு நூலுக்கு மாறினார்கள். வண்ணப் பட்டைகள் ஓடும் விரிப்பு பிறந்தது. அகலமான விரிப்பென்றால் குழித்தறியில் இருவர் அருகருகே அமர்ந்து, நாடாவைக் கைமாற்றி நெய்ய வேண்டும்.

ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் நிறைவேறியது. புவிசார் குறியீடு 2005-06இல் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில், மலிவாகக் கடைக்கு வருகின்றன. அமெரிக்காவின் நவஹோ பெண்கள் நிமிர்ந்த தறியில் கம்பளி நூலால் நெய்யும் விரிப்புகளுக்கும் இதே தலைவலி. பழங்குடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பதை அங்கே 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; போலிகள் ஒழிந்தபாடில்லை.

சட்டம் போடுவது தில்லி. அதைக் காப்பாற்ற வேண்டியவர் வாங்குபவர். விடுமுறைக்கு ஊர் போகும் ஆர்.கே.புரத்துக் குடும்பம் கடையில் 2006இல் வந்த கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்கினால் இருவர் கூலி நிற்கும். கேட்காவிட்டால் பவானியில் பெயர் மட்டுமே மிஞ்சும்.