கட்டிலடியில் கிடக்கும் செருப்பு

முடக்குவாதம் வந்த பெண்கள் பெரும்பாலும் கையில் ஒரு சீட்டோடுதான் என் பட்டறைக்கு வருகிறார்கள். முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும், குதி ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது, உள்ளே மெத்தென்றிருக்க வேண்டும், அடி மடங்கக் கூடாது என்று டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதை மேசையில் வைத்துவிட்டு, சீட்டில் இல்லாத ஒன்றைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். "பார்த்தா ஆஸ்பத்திரி செருப்பு மாதிரி தெரியாம செய்ய முடியுமா தம்பி?"

சீட்டில் இருக்கிற எல்லாவற்றையும்விட இதுதான் கஷ்டமான வேலை. முக்கியமான வேலையும் இதுதான் என்பது என் கட்சி. மருத்துவக் கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாத ஜோடி, வாங்கிய புதுசு கலையாமல் கட்டிலடியில் கிடக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு என்று வந்தால் பழைய மெல்லிய வார்ச் செருப்பையே மாட்டிக்கொண்டு போவார்கள். அன்று இரவு தூக்கம் போய்விடும். போடாத செருப்பு எவ்வளவு சரியாக இருந்து என்ன?

இது எங்கள் தொழிலில் பழைய கதை. 1950களிலும் 60களிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும், டாக்டர் பால் பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் மரத்துப்போன கால்களில் புண் வராமல் காக்க எந்த மாதிரிச் செருப்பு வேண்டும் என்று பாடுபட்டார்கள். நாங்கள் எம்.சி.ஆர். என்று சொல்லும் நுண்துளை ரப்பர் செருப்பு அந்தப் பாதையில் பரவியதுதான். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதைத்தான் எழுதித் தருகிறார்கள். அருமையான பொருள். ஆனால் கறுப்பு ரப்பரும் பட்டை வாருமாக அந்தச் செருப்பே ஒரு அடையாளமாகிவிட்டது. காலைப் பார்த்தே இவருக்கு என்ன வியாதி என்று தெரு சொல்லிவிடும் என்று பயந்து பலர் அதைப் போட மறுத்தார்கள். பிறகு சாதாரணச் செருப்பு போலத் தெரியும்படி அதை மாற்றிச் செய்ய வேண்டியிருந்தது. அங்கே வலியே தெரியாத கால். என்னிடம் வருவது வலியைத் தவிர வேறெதையும் சொல்லாத கால். இரண்டுக்கும் வெட்கம் ஒன்றுதான்.

முடக்குவாதத்தைக் கிராமத்தில் சரவாங்கி என்பார்கள். இந்த நோய் கையிலும் காலிலும் உள்ள சின்ன மூட்டுகளைப் பிடிக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒருசேர. விரல்கள் பாதத்தோடு சேரும் இடம் முதலில் வீங்கும். வருஷங்கள் போகப் போகப் பெருவிரல் மற்ற விரல்கள் மேல் சாயும். அதன் அடிமூட்டு உட்புறம் புடைத்து நிற்கும். மற்ற விரல்கள் மடங்கி, கணு மேலே எழும்பிச் செருப்பின் கூரையில் உரசும். விரலடியில் இயற்கை வைத்த கொழுப்பு மெத்தை முன்னால் நழுவிப்போய், எலும்பு முனைகள் தோலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். "கூழாங்கல்லு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மையைத் தடவிக் காகிதத்தில் நிற்க வைத்துப் பார்த்தால், அந்த எலும்பு முனைகள் இருக்கும் இடத்தில்தான் கரும்புள்ளி விழும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. நோய் தொடங்கியதுமே மருந்தையும் தொடங்கிவிடும் இளம் பெண்களின் விரல்கள் முன்போல அவ்வளவு கோணுவதில்லை. அவர்களுக்கு அகலமும் அடியும் சரியாக அமைந்தாலே போதும்.

அளவெடுப்பதை மாலையில்தான் வைத்துக்கொள்வேன். நாள் முழுக்க நின்று நடந்து கால் வீங்கிய அளவுதான் எனக்கு வேண்டும். உட்கார வைத்து அளந்தால் பாதம் குறுகியே காட்டும். அதனால் நிற்க வைத்து, இரண்டு காலையும் தனித்தனியாக வரைவேன். எங்கே குத்துகிறதோ அங்கே உள்ளங்காலில் லிப்ஸ்டிக்கால் ஒரு பொட்டு வைத்து, உள்தளத்தின் மேல் ஏறி நிற்கச் சொல்வேன். பொட்டு அப்படியே பதியும். (பட்டறையில் லிப்ஸ்டிக்கைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு.) பாரத்தை வாங்கிக்கொள்ளும் சின்ன மேட்டை அந்தப் பொட்டின் மேலேயே வைத்தால் வலி இன்னும் கூடிவிடும். அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வைத்தால்தான் எலும்பு முனையிலிருந்து பாரம் விலகும். அந்தச் சில மில்லிமீட்டரில்தான் எங்கள் கூலி இருக்கிறது.

அடி முன்னால் மேல்நோக்கி வளைந்து, மடங்காமல் விறைப்பாக இருக்க வேண்டும். ராக்கர் சோல் என்போம். கால் உருண்டு முன்னேறிவிடும்; நொந்த மூட்டு மடங்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இதைப் பார்த்தாலே சிகிச்சைச் செருப்பு என்று தெரிந்துவிடும். இன்று கல்லூரிப் பிள்ளைகளே தடித்த அடி வைத்த ஸ்னீக்கரோடு திரிகிறார்கள். ஃபேஷன் எங்களுக்குச் செய்த உபகாரம் இது.

அழகு என்றதும் கல், மணி, பூ வேலை என்று கேட்பார்கள். நான் சம்மதிப்பதில்லை. மின்னுகிற எதுவும் கண்ணை நேரே புடைப்புக்கு இழுத்துக்கொண்டு போகும். அழகு தொடங்கும் இடம் லாஸ்ட், அதாவது செருப்பைக் கட்டி எழுப்பும் கட்டை. புடைப்பு இருக்கும் இடத்தில் கட்டையின் மேல் தோல் துண்டுகளை அடுக்கி ஒட்டி, ராவி, அந்தக் காலின் மேடு பள்ளத்தை அதில் கொண்டுவருவேன். அதே சமயம் முனையின் வெளிக்கோடு தடையில்லாமல் ஓட வேண்டும். அகலத்தை உள்ளே ஒளித்து வைப்பதுதான் வித்தை. வாரைக் குறுக்கே போட்டால் பாதம் அகன்று தெரியும், சாய்த்துப் போட்டால் ஒடுங்கித் தெரியும். புடைப்பின் மேல் தையல் வரவே கூடாது. உறுத்தும், காட்டியும் கொடுக்கும். அந்த இடத்தில் மெல்லிய ஆட்டுத்தோல் பட்டைகளைப் பின்னி விடுவது எனக்குப் பிடித்த வழி. பின்னல் வீக்கத்துக்கு இடம் கொடுக்கும், மேட்டையும் கண்ணிலிருந்து மறைக்கும், பட்டுப்புடவைக்கும் பொருந்தும். நிறம் கருஞ்சிவப்போ காப்பிக்கொட்டை நிறமோ, பளபளப்பில்லாமல்.

அடுத்தது கை. காலைப் பிடித்த நோய் கையையும் பிடித்திருக்கும். பக்கிள் மாட்டவும் லேஸ் கட்டவும் விரல் வளையாது. அதனால் மேலே பக்கிள் அழகுக்கு இருக்கும், அடியில் வெல்க்ரோ ஒட்டியிருக்கும். வாரின் நுனியில் ஒரு விரல் நுழைகிற மாதிரி வளையம் வைப்பேன். வெளிநாட்டு ஆலோசனைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் லேஸ் கட்டும் ஷூ கேட்பார்கள். காலையில் போட்டு இரவில் கழற்றுகிற ஊருக்கு அது சரி. நாம் வீட்டு வாசலில் கழற்றுகிறோம், கோயிலில் கழற்றுகிறோம், சொந்தக்காரர் வீட்டிலும் கழற்றுகிறோம். ஒரு நாளில் எத்தனை முறை குனிவது? குனியாமல் போடலாமே என்று பின்வாரில்லாத செருப்பைத் தேடுவார்கள். அது நழுவாமலிருக்க விரல்கள் அடியை இறுக்கிப் பிடிக்கும். மடங்கிய விரல் இன்னும் மடங்கும். விரலிடுக்கில் வார் வரும் ஹவாய் செருப்பும் அப்படியே. பின்வார் கட்டாயம் வேண்டும்.

வீட்டுக்குள் வெறுங்கால் என்பதை மாற்றச் சொன்னால் மாமியார்கள் முகம் சுளிப்பார்கள். கிரானைட் தரையில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தே பாதி வலி ஏறுகிறது. வீட்டுக்கென்று தனி ஜோடி செய்து, பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றிவிடுங்கள் என்பேன். மெட்டி இன்னொரு சங்கடம். விரல் வீங்கிவிட்டால் கழலாது. சில நேரம் தட்டானைக் கூப்பிட்டு வெட்ட வேண்டியிருக்கும். கழற்ற மனமில்லாதவர்களுக்கு, அந்த உயரத்தையும் கணக்கில் சேர்த்தே கூரையை ஏற்றுவேன்.

கடையில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊரில் ஏழு, எட்டு என்று போட்டிருப்பது இங்கிலாந்துக் கணக்கு. அது நீளத்தைத்தான் சொல்லும். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் கால்களை அளந்து பார்த்து, நம் பாதம் மேலைநாட்டுப் பாதத்தைவிட அகலம் என்று சொல்லியிருக்கிறது. அகலம் போதாமல் ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் குதிகால் ஆடும். ஆண்கள் ஷூவை வாங்குகிற பெண்களுக்கும் இதே கதிதான். உள்தளம் கழற்றக்கூடியதா என்று பாருங்கள். அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு மேலே நில்லுங்கள். கால் விளிம்பைத் தாண்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்கியதை முதலில் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றிய பின் சிவப்புத் தடம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் அந்த ஜோடி உதவாது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்; அவர்களின் தோல் மெலிந்திருக்கும், புண் ஆறவும் நாளாகும்.

என்னைப் போன்ற ஒருவரிடம் செய்துகொள்வதானால், தேய்ந்த பழைய செருப்பைத் துடைக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். அதன் அடி சொல்வதை நீங்களும் சொல்ல மாட்டீர்கள், சீட்டும் சொல்லாது. எந்தப் புடவைக்கு என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு என்றால் ஒரு மாதமாவது முன்னால் வாருங்கள். முதல் தடவை போட்டுப் பார்க்கும்போதே சரியாக அமைகிற ஜோடி அபூர்வம்.