காது கிழிந்த மூசாங்

பாட்டி வீட்டுப் பின்பக்கப் பப்பாளி மரத்துக்கு ஒரு மூசாங் வரும். எந்தப் பழம் எப்போது பழுக்கும் என்று எங்களைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரியும். ‘திருட்டு மூதேவி’ என்று பாட்டி திட்டுவார். ஆனால், கீழே விழுந்த பழத்தை ஒருநாளும் பொறுக்கமாட்டார். அது அதன் பங்கு.

போன வருட விடுமுறையில் அதைப் படமெடுக்க உட்கார்ந்தேன். சமையலறை விளக்கு வெளிச்சம் மட்டும்தான். ஃபிளாஷ் அடித்தால் ஓடிவிடும். லென்ஸை முழுசாகத் திறந்து எஃப்/4, ஷட்டர் 1/60 நொடி. ஐ.எஸ்.ஓ. 12800க்குப் போய்விட்டது. மடிக்கணினியில் திறந்தால் முகமெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளிகள். நிழலில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள்.

இந்த இரைச்சலுக்கு நாம் ஐ.எஸ்.ஓ.வைத்தான் திட்டுகிறோம். அது கிடைத்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். உண்மையான குறை வெளிச்சத்தில். ஒளி மழைத்துளி மாதிரி, சீரில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. நூற்றில் ஒரு பங்கு. வெறும் 100 விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்கு. வர்க்கமூலக் கணக்கு. பல்கலைக்கழகத்தில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி மறந்தது. ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சமாக்கினாலும் இது போகாது.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றில் படத்தைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மயிர் மயிராக எண்ணலாம் போல வந்தது. பெருமையாகப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம ஆளு இல்லடா.”

“உங்க மரத்துலதான் எடுத்தேன் பாட்டி.”

“நம்ம மூசாங்குக்கு எடது காது கிழிஞ்சிருக்கும். இது வேற.”

ராவ் கோப்பைத் திறந்து பெரிதாக்கினேன். புள்ளிகளுக்கு நடுவே, இடது காது விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு. மென்பொருள் அதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, முழுக் காது ஒன்றை வரைந்து கொடுத்திருக்கிறது. அது பார்த்துப் பழகிய காதுகளெல்லாம் முழுசாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் நான் பெருமைப்பட்ட மயிர்களில் எத்தனை அந்த மூசாங்குடையவை?

மறுபடி உட்கார்ந்தேன். நிறத் திட்டுகளைத் தாராளமாக நீக்கினேன்; அதனால் உருவ விவரம் அதிகம் கெடாது. பின்னால் இருந்த இருட்டை மட்டும் மாஸ்க் போட்டு நன்றாக மெழுகினேன். உடம்பின்மேல் இருந்த வெளிச்சப் புள்ளிகளை லேசாகக் குறைத்தேன். காதைத் தொடவேயில்லை. கூர்மையாக்கியது கடைசியில், அதுவும் கொஞ்சம்தான். அஞ்சலட்டை அளவுக்குச் சிறிதாக்கியபோது, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றுசேர்ந்து மீதிப் புள்ளிகளில் பெரும்பகுதி தானாக அடங்கிவிட்டது. அத்தனை நாளும் திரையில் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதான் நம்ம ஆளு. பால்மரம் வெட்டப் போன காலத்துல, விடியறதுக்கு முன்ன, தலை வெளக்கு வெளிச்சத்துல எல்லாம் இப்படித்தான் தெரியும்.”

அந்த இருட்டில் அவர் எத்தனை வருடம் நடந்தார் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.