பள்ளத்தின் விட்டம்

வாரிசுப் பங்கீட்டுக் கணக்கை மத்ரஸாவில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கற்பித்து வருகிறோம். ஆதலால் கணக்கில் தவறாதவர் என்று உறவினரிடையே நமக்கொரு பெயர். இந்த வினை அந்தப் பெயரால் வந்தது.

நம் தம்பி டிராக்டர் வைத்து வாடகைக்கு உழவு ஓட்டுபவர். ரோட்டவேட்டரின் கியர்பெட்டிக்குள் நுழையும் ஆறு பல் ஸ்ப்ளைன் ஷாப்ட் தேய்ந்தது. லேத் பட்டறையொன்றில் மைல்டு ஸ்டீலில் கடைந்து தருவதாகச் சொன்னார்களாம். "தாங்குமா காக்கா?" என்று நம்மிடம் கேட்டார்.

நூலை விரித்தோம். 40 குதிரைத்திறன் ஏறத்தாழ 30 கிலோவாட். சுழற்சி நிமிடத்துக்கு 540. கிலோவாட்டை 9550ஆல் பெருக்கிச் சுற்றால் வகுக்க, முறுக்குவிசை சுமார் 530 நியூட்டன் மீட்டர். ஷாப்டின் விட்டம் 35 மில்லிமீட்டர். அதன்படி முறுக்குத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 63 நியூட்டன். அவ்விரும்போ சுமார் 140 வரை நிலைகுலையாது. இரு மடங்குக்கு மேல் காப்பு இருக்கிறதே! "தாராளமாகத் தாங்கும்" என்று தீர்ப்புச் சொன்னோம்.

சேறடிக்கும் பருவத்தில், மூன்றாம் வாரம், ஷாப்ட் முறுகிற்று. நேராக நின்ற ஆறு பற்களும் கயிற்றுப் புரிபோல் சுழன்று கிடந்தன.

பிழை நம்முடையதே. நாம் அளந்தது பல்லின் உச்சியை. முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் பள்ளத்துக்கு உட்பட்ட நடு உருளை. அதன் விட்டம் 29.5 மட்டுமே. பற்கள் சிறிது வலுச் சேர்க்கும். ஆனால் பள்ளத்தின் கூர்மூலையில் தகைவு குவிவதால் அதை நம்பலாகாது. விட்டம் குறைந்தது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்ததாகையால், போனது ஐந்தில் இரண்டு பங்கு! பங்கீடு கற்பிப்பவருக்கு இது தெரியாமற் போயிற்று. 63 அன்று, 105. கத்தி வேரிலோ கல்லிலோ தட்டும்போது முறுக்கு கணநேரம் இரட்டித்தால் 210. பிறகு எந்த மைல்டு ஸ்டீல் நிற்கும்?

பற்களின் பக்க அழுத்தம் தனிக் கணக்கு. ஆறும் சமமாகச் சுமப்பதில்லை. முக்கால் பங்கே சுமப்பதாகக் கொள்வது வழக்கம். அதையும் நாம் பார்க்கவில்லை.

தம்பி கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்ட வயல்கள் வேறு டிராக்டருக்குப் போயின. பதப்படுத்திய கலப்பு எஃகு ஷாப்டை வாங்கி வந்தவர், பொருத்துமுன் காலிபரை நம் கையில் கொடுத்து, பள்ளத்தில் வைத்துக் காட்டினார்.